ஒன்பது

வாசலில் இரும்புக் கம்பிகள்.
வௌவால் நுழையும், ஆள் நுழைய முடியாது.
வெர்லின் சாவியைத் தேடி எடுக்கும்வரை
பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
வேறு குகையின் பூஞ்சை
என்னோடு வந்துவிடக் கூடாதாம்.

மிசௌரியில் வெளியே வேனல்.
உள்ளே ஓடை முழங்காலளவு,
எலும்பைக் கடிக்கும் குளிர்.
"கலக்காமல் நட" என்றார்.
கலக்கிவிட்டேன்.
சேறு அடியில் படியக் கால் மணி நேரம்
இருவரும் பேசாமல் நின்றோம்.

பிறகு ஒன்று வந்தது.
விரல் நீளம், கஞ்சித்தண்ணி நிறம்,
கண் இருக்க வேண்டிய இடத்தில்
வெறும் தோல்.
விளக்கை அதன் முகத்தில் அடித்துவிட்டு
எனக்கே வெட்கமாகி இறக்கினேன்.
அது பாட்டுக்கு நீந்தியது.

மொத்தம் ஒன்பது.
பத்தாவது கல்லாகவும் இருக்கலாம்,
எழுதவில்லை.

மேலே, மழைநீர் இறங்கும் பள்ளத்தைச் சுற்றி வேலி.
தன் மாடுகளின் சாணம் கீழே போகாதிருக்க
இரண்டு கோடை கம்பி இழுத்தவள் ஓப்பல் ஹாஸ்க்யூ.
முட்டி வலி. குகைக்குள் போனதே இல்லை.

"எத்தனை?"
"ஒன்பது."
"அவ்வளவுதானா! ஒரு வாணலிக்குக் காணாதே"
என்று சிரித்தாள்.
கையுறையை மாட்டிக்கொண்டே,
வடக்கு மூலையில் ஒரு கம்பம் சாய்ந்திருக்கிறது,
பிடிக்க வருகிறீர்களா, என்றாள்.