நான்கு வாய்ப் பெட்டி

ஐம்பத்தொன்பது ரிங்கிட்.
ஜெலுத்தோங் கடைக்காரர் ஒரு காசு குறைக்கவில்லை.
"ஆயிரம் தடவை சார்ஜ் ஏத்தலாம்" என்றார்.
ஆயிரமா?
இந்த வீட்டுக்கு நாங்கள் வாடகை கட்டியதே
முப்பத்தாறு தடவைதான்.

பாசார் மாலாமில் நாலு பேட்டரி இரண்டு ரிங்கிட்.
ரிமோட்டுக்குள் போன மூன்றாம் வாரமே
உப்புப் பூத்துவிடும்.
செத்ததை எங்கே போடுவதென்று தெரியாமல்
மைலோ டின்னில் சேர்க்கிறாள் நீலவேணி.
நகர்த்தினால் டின் முனகும்.

வாங்கிவிட்டோம்.
இரவெல்லாம் சிவப்பு, விடிந்தால் பச்சை.
ரிமோட்டுக்கும் மகளின் பேசும் கரடிக்கும்
முறை வைத்துக் கொடுத்தோம்.
சுவர்க் கடிகாரம் மட்டும் ஒத்துப்போகவில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை சொல்லாமல் நின்றது;
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்
அவளை விட்டுவிட்டுப் போனது.

நேற்று ராத்திரி மழை. கரண்ட் இல்லை.
டார்ச்சின் இரண்டையும் அப்போதுதான்
பெட்டிக்கு ஊட்டியிருந்தேன், வெறும் வயிற்றோடு.
லிஃப்ட் எங்கோ நடுவில் தொங்கியது.
பஸ்ஸுக்கு இருபது நிமிடம்.

மைலோ டின்னைத் தரையில் கவிழ்த்தோம்.
சட்டையில் தேய்த்துத் தேய்த்துப் போட்டுப் பார்த்ததில்
செத்ததென்று நாங்கள் சொன்ன இரண்டு
மஞ்சளாகக் கண் திறந்தன.

பதினான்காம் மாடியிலிருந்து
ஐந்தாம் மாடி வரை எரிந்ததாம்.
மீதியைக் கைப்பிடிச் சுவர் பார்த்துக்கொண்டது.