மூன்று விரல் மடிப்பு

வெள்ளைச் சட்டையின் கீழ்விளிம்பில்
எப்போதும் மூன்று விரல் மடித்துத் தைப்பேன்.
பாலையூற்றில் தாய்மார் கேட்பதே அதைத்தான்:
"உள்ளுக்குக் கொஞ்சம் விட்டுத் தையுங்கோ, பிள்ளை வளருவாள்."
அடுத்த வருடம் கொண்டுவருவார்கள். பிரித்து இறக்குவேன்.
பழைய மடிப்பின் கோடு மட்டும்
எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது.

சில சட்டைகளில் மடிப்பு அப்படியே இருக்கும்.
அந்தத் தாய்மார் ஒன்றும் கேட்பதில்லை.
நானும்.

யது வலைப்பந்துக்குப் பெயர் கொடுத்தாள்.
கோல் போடும் இடம்தான் வேண்டுமாம்.
நிரஞ்சலா மிஸ் சுவரோடு நிறுத்திப் பார்த்து
"கை நல்லம். உயரம் காணாது" என்றாராம்.
வந்ததும் சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டாள்.
"வளரச் சோறு வேணும்" என்றேன்.
சட்டென்று எழும்பிக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டாள்.
என்னை அவ்வளவு நம்புவாள் என்று நினைக்கவில்லை.
பயமாக இருந்தது.

பிறகு முட்டை, முருங்கையிலை, நெத்தலி,
பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் பங்கில்
கெஞ்சி வாங்கிய ஒரு பைக்கற் திரிபோஷா.
தொங்கினால் வளரும் என்று யாரோ சொல்ல
பின்னேரங்களில் மைதானத்துக் கம்பியில் தொங்கினாள்.
பக்கத்தில் ஒரு புள்ளிமான்
பின்னங்காலில் எழும்பி வேப்பங்கிளையை எட்டிப் பார்த்தது,
எட்டாமல், ஆரோ எறிந்த சோற்றுப் பையிடம் போனது.

டொக்டர் சிரித்தார்.
"பத்தில் எட்டுப் பங்கு உங்கட இரத்தம்.
மிச்சம் இரண்டுதான் சாப்பாடு, நித்திரை, வருத்தம்."
இரண்டு பங்கா!
தையல்காரிக்கு அது சின்னத் துண்டில்லை.
ஒரு கழுத்துப்பட்டை முழுதாக அதற்குள் வெட்டலாம்.

இரவு குகதாசன் போனில் கணக்குப் போட்டார்.
தகப்பனையும் தாயையும் கூட்டி
பெண்பிள்ளை என்றால் பதின்மூன்று கழித்து
இரண்டால் பிரிக்க வேண்டுமாம்.
"எனக்கு நூற்றறுபத்தெட்டு. உமக்கு?"

எனக்கு.

தொண்ணூறில் எனக்கு ஐந்து வயது.
முகாம் வரிசை நினைவிருக்கிறது,
முன்னால் நின்ற ஆளின் முழங்கால் மடிப்பும்.
ஒரு நேரம் கஞ்சி. இரண்டு தரம் மலேரியா.
ஏழு வயதிலும் ஐந்து வயதுச் சட்டை பொருந்தியது.
சிக்கனம் என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

லோஜி அக்காவுக்கு அப்போது பதின்மூன்று.
தன் உயரத்தைச் சம்பூரிலேயே
முக்கால்வாசி முடித்துக்கொண்டு வந்தவள்,
தயிரும் மரவள்ளியும் கீரிமீனுமாய்.
ஒரே அப்பா, ஒரே அம்மா. அவள் நூற்றறுபது.
கலியாணப் படங்களில் என் தலைப்பூ
அவள் காதுக்குக் கீழே நிற்கும்.

கணக்கு கேட்பது எந்த உயரத்தை?
நான் நிற்கும் இந்த நூற்றுநாற்பத்தொன்பதையா,
பிரித்து இறக்க ஆளில்லாமல்
எனக்குள் மடிந்தே கிடப்பதையா?
அந்தக் கஞ்சி வரிசையையும் இரத்தம் என்று எழுதிக்கொண்டு
அதில் பாதியை என் பிள்ளைக்குக் கொடுப்பார்களா?

"நூற்றறுபது" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார்.
பதினாலு வருடமாக மேல்தட்டுச் சீனிப் போத்தலை
எனக்கு எடுத்துத் தருகிற மனிதர்.
ஒன்றும் கேட்காமல் நூற்றறுபது என்று தட்டினார்.

"நூற்றைம்பத்தேழு."
"அரையையும் சொல்லுங்கோ அப்பா."
நித்திரை என்று நாங்கள் நினைத்தவள்,
இருட்டுக்குள்ளிருந்து.

காலையில் அவளுடைய புதுத்துணியை எடுத்தேன்.
பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அளந்து தந்த வெள்ளை.
மூன்று விரல் மடித்தேன்.
நாலாவதையும் வைத்துப் பார்த்தேன்.
காணும் போலத்தான் இருந்தது.