நாள் அவர்களுடையது

சனிக்கிழமை விசைப்படகு நாள்.
டோக்கன் அவர்களுக்கு, கடல் அவர்களுக்கு.
எனக்குச் சங்கத்தில் சொல்லிக்கொள்ள ஒரு நியாயமும் இல்லை.
முந்தின நாள் பாய்ச்சிய நண்டுவலையை
வாடைக்காற்று எடுக்கவிடவில்லை,
அவ்வளவுதான்.
பதினெட்டாயிரம் ரூபாய் வலை.
அதில் பாதி இன்னும் வியாபாரியுடையது.

பாம்பன் விளக்கு ஒரு சுற்று வந்து போனது.
அதற்குள் இரைச்சல்.
நூற்றைம்பது குதிரைகள் இருட்டில் இருமிக்கொண்டு வருகின்றன.
போன வருடமும் இப்படித்தான் வந்தன.
மிதவைகூட மிஞ்சவில்லை.
முழம் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு
மச்சான் அமலதாஸ் கரையில் நின்று சிரித்தான்.
அவனுக்கு அழத் தெரியாது.

டார்ச்சைத் தூக்கிக் காட்டினேன்.
பாட்டரி போன டார்ச்.
செபம் வாயில் வரவில்லை,
வந்தது கெட்ட வார்த்தை.

இரைச்சல் தணிந்தது.
வின்ச் முனகியது; பாதி இழுவையில் மடி மேலே ஏறியது.
பிறகு எஞ்சினும் நின்றுபோனது.
கடலுக்கே காது அடைத்தது போலிருந்தது.
அத்தனை பெரிய இரும்பும் மரமும்
நீரோட்டத்தின் கையில் தன்னைக் கொடுத்துவிட்டு
என் கடைசி மிதவை தாண்டும்வரை
சும்மா மிதந்தது.

தங்கச்சிமடத்தில் ஞாயிறு பூசை முடிந்து
செருப்பு தேடும் நெரிசலில் வியான்னியைப் பிடித்தேன்.
"ஸ்ராங்கு, நேத்து ராத்திரி..."
"எந்த ராத்திரி?" என்றார்.
"டீசல் விக்கிற விலைக்கு
நிப்பாட்டாம என்ன செய்ய?"
குனிந்து தன் செருப்பை எடுத்தார்.
தலைகீழாய்க் கிடந்த என்னுடையதையும் எடுத்து
என் பாதம் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

அன்றைய வாசகம் என்னவென்று நினைவில்லை.
நடக்கும்போது மனதில் ஓடியது வேறு ஒன்று.
புயலை அதட்டி உட்கார வைக்கக் கூடியவர்
சீமோனின் படகில் ஏறி,
கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளச் சொல்லிக்
கேட்டுக்கொண்டாராம்.
கேட்டுக்கொண்டாராம்!
படகு வேறு யாருடையதோ என்பது போல.
கடலும் வேறு யாருடையதோ என்பது போல.

செவ்வாய்க்கிழமை, நேரமாகிவிட்ட அவசரம்.
கரையோரம் பாசி எடுக்கும் பெண்களின் தலைகள்
தண்ணீருக்கு மேலே நாலு, அப்புறம் ரெண்டு,
அப்புறம் ஒன்றுமில்லை.
அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.
சுற்றிப் போனால் கால்மணி நேரம் வீண்.
வழக்கமாக நான் ஹாரன் அடிப்பேன்.

எனக்கும் ஒன்பது குதிரைகள் இருப்பது
அப்போதுதான் உறைத்தது.