இடப்பக்க வளைவில் கூடும்

முதலில் மழை என்றுதான் நினைத்தேன்.
ஜூலை மாதத்து லிந்துலையில்
எந்தச் சத்தத்தையும் மழைமேல் போட்டுவிடலாம்.
வைப்பரை நிறுத்தினேன், மழை இல்லை.
ரேடியோவை நிறுத்தினேன்.
பின்னால் இருந்த பன்னிரண்டு பிள்ளைகளை
நிறுத்த முடியவில்லை.

நாற்பதில் தொடங்கும்.
ஐம்பதில் ஒரு வண்டு
காலடித் தகட்டுக்குக் கீழே குடியேறும்.
ஐம்பத்தைந்துக்கு மேல் எப்படி என்று எனக்குத் தெரியாது.
இந்த ரோடு அதற்கு விடுவதில்லை.

ஆளுக்கொரு வியாதி சொன்னார்கள்.
காற்றடிக்கும் டெனிஸ்டன் கியர்பெட்டி என்றான்.
பெரியப்பா மகன் வசீகரன் டயர் என்றான்.
ஸ்கூல் வாசலில் கச்சான் விற்கும் பார்வதக்கா
"வித்துத் தொலை" என்றாள்.

முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றினேன்.
வண்டு முன்னாலேயே இருந்தது.
பிள்ளைகளை இறக்கிவிட்டு
வெறும் வேனை
இறக்கத்தில் ஒரு நூறு யார் நியூட்ரலில் உருட்டினேன்.
எஞ்சின் தணிந்தது.
வண்டு தணியவில்லை.
கியர்பெட்டி நிரபராதி.

வேறு ஊரென்றால்
காலி மைதானம் தேடிப்போய்
இடமும் வலமுமாய் ஒடித்துப் பார்க்க வேண்டும்.
இங்கே ரோட்டுக்கு வேறு வேலையே இல்லை.
இடப்பக்கம் ஒடிக்கிறேன்:
வேனின் பாரம், புத்தகப் பைகளின் பாரம்,
தண்ணீர்ப் போத்தல், ஜன்னலில் ஒட்டிய கன்னங்கள்
எல்லாம் வலப்பக்கச் சக்கரத்தில் போய்ச் சாய
அது முனகுகிறது.
வலப்பக்கம் ஒடிக்கிறேன்:
சொல்ல வந்ததை மறந்த ஆளைப்போல
நடுவில் நின்றுபோகிறது.
பாலம் வரும்வரை
இருபத்தேழு வளைவுகள் எண்ணினேன்.
ஒரே இடத்தில் கணக்குப் பிசகியது.
அது குழி.

முன்பக்கம், வலது.
பெட்ரோல் பில்லின் பின்னால் எழுதிக்கொண்டு போனேன்.

விஜேபால பாஸ் பில்லை வாங்கவில்லை.
ஜக்கில் ஏற்றி
மேலொரு கை கீழொரு கை பிடித்துச்
சக்கரத்தை உலுக்கினார்.
"ஆட்டமே இல்லையே நங்கி.
பெயாரிங் போயிருந்தா ஆடும்."
நியாயத்துக்காக இடப்பக்கத்தையும் உலுக்கினார்.

போன மாதம் ஆஸ்பத்திரியில்
என் வலது கையைத் தூக்கச் சொன்னார்கள்.
தூக்கினேன்.
தூக்க முடிகிறதே, பிறகென்ன என்று
வெள்ளைக் குளிசை பத்துக் கொடுத்து அனுப்பினார்கள்.
இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாததை
அவர்களும் கேட்கவில்லை
நானும் சொல்லவில்லை.

"நீங்க சுத்துங்க பாஸ்" என்றேன்.
குனிந்து ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.
முதலில் ஒன்றுமில்லை.
குளிர்ந்த இரும்பு, சேறு.
பிறகு
எங்கோ நாலு வீடு தள்ளி
யாரோ அம்மியில் வெறும் மணலை அரைப்பதுபோல
உள்ளங்கைக்குள் வந்தது.
"இதுல கை வைங்க."
நான் சுற்றினேன், அவர் பிடித்தார்.
கண்ணை மூடிக்கொண்டார்.
கராஜ் ரேடியோவில் பாட்டு முடிந்து
சவர்க்கார விளம்பரம் வந்து
அதுவும் முடிந்தது.
"அனே" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
பில்லைக் கேட்டு வாங்கி
அதன் கீழேயே விலையை எழுதினார்.

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வந்தது புதியது.
பழையதை அடித்துக் கழற்றித்
துணியில் துடைத்துக் காட்டினார்:
குண்டுகள் ஓடும் பாதையில்
நகக்கண் அளவு ஒரு தழும்பு.
மூன்று வாரம் என்னோடு பேசியது
இவ்வளவுதானா.

வியாழக்கிழமை காலை
நாற்பது. ஐம்பது.
ஒன்றுமில்லை.
முனகலில் தூங்கிப் பழகிய கடைசி சீட் ஷர்மிகா
விழித்துக்கொண்டு
"வேன் ஏன் மிஸ் பேசல?" என்றாள்.
ஏழாம் நம்பர் மலையடியில்
இடப்பக்க வளைவு, இருப்பதிலேயே கூர்மையானது.
காதைத் தீட்டிக்கொண்டு ஒடிக்கிறேன்.
சக்கரத்தில் சத்தமில்லை.
ஸ்டியரிங்கோடு மேலேறும்
வலது தோளில்
வண்டு.