படகுகளின் கணக்கு

காலை எட்டுக்கும் இருட்டு.
டோர்ஷவுன் துறைமுகத்தில் மூடுபனி
கப்பல்களை ஒவ்வொன்றாக விழுங்குகிறது.
நான் பொறியை எழுப்புகிறேன்.

தபாலில் வந்த காகிதங்களில்
காய்ந்த ரத்தப் பொட்டுகள்.
மரபணு என்பது வீட்டின் வரைபடம்.
இதுவோ அடுப்பிலிருந்து அள்ளிய சாம்பல்:
நேற்றிரவு உடம்பு எதை எரித்தது,
எதை எரிக்க முடியாமல் விட்டது.

திரையில் முகடுகள்.
மலைக்குப் பழகிய கண்ணுக்கு அதில் வியப்பில்லை.
நான் தேடுவது பள்ளம்.

கார்னிட்டின்.
கொழுப்பை ஏற்றி உயிரணுவின் உலைக்கு
அக்கரை சேர்க்கும் சின்னப் படகு.
பதினெட்டுத் தீவுகளில் பிழைப்பவர்களுக்கு
இதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை.
படகு வராத வாரம்
எப்படியிருக்கும் என்று தெரியும்.

சுன்வா என்னோடு படித்தவள்.
படகுப் போட்டியில் இடப்பக்கத் துடுப்பு.
இருபத்திரண்டு வயதில் ஒரு காய்ச்சல்,
நாலு நாள் மாத்திரை, பசியில்லை.
ஐந்தாம் நாள் எழுந்திருக்கவில்லை.
இதயம் என்றார்கள்.
பாதிரியார் நல்லவர், அதிகம் பேசவில்லை.

வெகுகாலம் கழித்து,
பிறந்தபோது அவள் குதிகாலில் எடுத்த பொட்டு
உறைபெட்டியிலிருந்து என் மேசைக்கு வந்தது.
முகடு இருக்க வேண்டிய இடத்தில்
காற்றில்லாத நாளின் கடல்.

மாத்திரை விஷமில்லை.
உடம்பைவிட்டு வெளியேறும்போது
ஆளுக்கொரு படகை எடுத்துப் போயிருக்கிறது.
அவளிடம் இருந்ததே நாலைந்து.

இன்று நானூற்றுப் பதினேழாம் பொட்டு.
மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.
விதிப்படி டாக்டர்தான் பேச வேண்டும்.
டாக்டர் கோபன்ஹேகனில்.

"ஹைனியா?"
பின்னால் இரைச்சல். சால்மன் பண்ணையில்
வலை தைத்துக்கொண்டிருக்கிறார், ஐம்பத்தொரு வயது.
எண்ணைச் சொன்னேன்.
"அது குறைவா?"
"நீங்கள் ஃபோனை எடுத்ததே எனக்கு ஆச்சரியம்."

வெகுநேரம் அலைச் சத்தம் மட்டும்.
பிறகு, "நான் என்ன தப்பு செய்தேன்?"
ஒன்றுமில்லை, ஹைனி.
உங்கள் சிறுநீரகம் படகுகளைக்
கரையில் கட்ட மறந்துவிடுகிறது, அவை
கடலோடு போய்விடுகின்றன.
தினம் மூன்று வேளை புதிதாக இறக்குவோம்.
இன்றைக்கே. பட்டினி கிடக்காதீர்கள்.
எங்களைக் கேட்காமல் எந்த மாத்திரையும் வேண்டாம்.

இன்னொன்று சொல்ல வேண்டும், கூச்சமாக இருந்தது:
இந்த மருந்து குடித்தால்
வேர்வையிலும் மூச்சிலும்
மீன் நாற்றம் அடிக்கலாம்.

அவர் சிரித்த சிரிப்பில்
ஃபோன் கரகரத்தது.
"இந்த ஊரிலா?
யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?"