அரை ஹெக்டேர்

இரவு ஒன்பதரை. மாரத்தஹள்ளி, நான்காம் மாடி.
இடது திரையில் அயர்லாந்து, வலது திரையில் டென்மார்க்.
நூறாண்டுக் காட்டை
இரண்டு கோடுகளாக்கிக் கொடுக்க வேண்டும்
வெள்ளிக்கிழமைக்குள்.

கோபன்ஹேகனிலிருந்து யோர்கன் கேட்கிறார்:
இரண்டு நாட்டுக்கும் பச்சையே போட்டால்
எது எங்களுடையது?
நியாயம்தான்.
அயர்லாந்துக்கு ஆரஞ்சு கொடுத்தேன்.
டப்ளினிலிருந்து கிரான்யா உடனே எழுதினாள்,
அந்த நிறம் மட்டும் வேண்டாமே.
காரணம் சொல்லவில்லை. தேடிப் படித்துவிட்டு
நாவற்பழ நிறத்துக்கு மாற்றினேன்.

அவள் கோடு தரையிலிருந்து தொடங்குகிறது.
நூற்றுக்கு ஒன்று காடு,
மீதி தொண்ணூற்றொன்பதும் ஆட்டுக்கும் மழைக்கும்.
இப்போது பதினொன்று.
ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால்
பள்ளிப் பிள்ளைகள்போல் வரிசை வரிசையாய்
அமெரிக்கக் கரையிலிருந்து வந்த ஊசியிலை மரம்.
உள்ளே நின்றால் நண்பகலிலும் இருட்டு,
புல்கூட முளைக்காது என்கிறாள்.
கோட்டுக்கு அது தெரியாது. ஏறுகிறது.

டென்மார்க்கில் தொண்ணூற்றொன்பது டிசம்பரில் ஒரு புயல்.
லட்சக்கணக்கில் சாய்ந்தன.
அந்த இடத்தில் ஒரு பள்ளத்தை எதிர்பார்த்தேன்.
கோடு கண்ணிமைக்கவில்லை.
கையேட்டைத் திறந்தேன்.
அரை ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம்,
ஐந்து மீட்டர் தாண்டும் மரம்,
பத்தில் ஒரு பங்காவது நிழல்.
அப்புறம் பொடி எழுத்தில்:
தற்காலிகமாக மொட்டையாய்க் கிடந்தாலும் காடுதான்,
மீண்டும் வளருமென்று எதிர்பார்த்தால்.
எதிர்பார்ப்பது யார்
என்பதற்கு அடிக்குறிப்பு இல்லை.

டீ குடிக்கக் கீழே இறங்கினேன்.
காவலாளி ஹனுமந்தப்பாவின் நாற்காலி
தூங்குமூஞ்சி மரத்தடியில்.
இலைகளை மடித்துக்கொண்டு மரம் தூங்குகிறது.
இடுப்பில் மஞ்சள் பெயிண்டில் 214.
எண்ணுக்குக் கீழே ஆணியடித்த நோட்டீஸ்,
எழுத்துக்கூட்டிப் படித்தேன்:
ஆட்சேபணை இருந்தால் பத்து நாளுக்குள்.
தேதி பார்த்தேன். இன்று பன்னிரண்டாவது.

"மேடம், மேலே மரக்கணக்குதானே போடுறீங்க,
இது எந்தக் கணக்குல வரும்?"
அவர் கன்னடத்தில் கேட்டார், கிண்டலில்லாமல்.

இதுவும் அமெரிக்கா மரம்தான், தெற்கிலிருந்து.
நானும் அல்சூரில் பிறந்து
எந்த ஊர் என்று கேட்கப்படுகிறவள்.
டீயைக் கீழே வைத்தேன்.
அடிமரத்திலிருந்து கிளை நுனிவரை
பதினோரு எட்டு.
சாலையோரமாய் 190 முதல் 231 வரை நடந்தேன்,
பைக்குகள் திட்டிக்கொண்டே விலகின.
நாற்பத்திரண்டு மரம்.
கைபேசியில் பெருக்கினால் முக்கால் ஹெக்டேருக்கும் மேல்.
ஐந்து மீட்டர்? எப்போதோ.
நிழல்? கேட்கவே வேண்டாம்.

மேலே வந்து கையேட்டை மறுபடி பார்த்தேன்.
நகரப் பயன்பாட்டு நிலம் சேராது.

சேராதுதான்.
ஆனாலும் மூன்றாவது பத்தியில்
பெயரிடாமல் தட்டினேன் அந்த முக்காலை.
லட்சம் ஹெக்டேர்களின் அளவுகோலில்
அது எங்கே எழும்பும்?
அச்சுக்கோட்டோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது.
அழிக்க நினைத்திருந்தேன். பஸ் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை யோர்கனின் அஞ்சல்.
நிறங்கள் அருமை. ஒரே ஒரு சந்தேகம்:
அடியில் முடி மாதிரி ஏதோ கிடக்கிறது.
திரையைத் துடைத்துப் பார்த்தேன்,
போகவில்லை.