கதவு எண் 3306

புந்தா அரேனாஸில் காற்று
தகரக் கூரைகளை நெம்பிப் பார்க்கும் இரவு.
காலை ஒன்பதுக்குப் படகு.
பயணச்சீட்டுப் பக்கத்தில் ஒரே வரி:
இணைப்பு மறுக்கப்பட்டது.

மறுப்பும் ஒரு பதில்தான்,
எதுவுமே சொல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தால்தான் பயம்
என்கிறாள் யாஸ்னா வூகசோவிச்,
மூன்றாவது காப்பியின் கசட்டிடம்.

கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாய்ப் படித்தாள்.
வாலில் ஒட்டியிருந்த ஒரு வெற்றிடத்தை
ஈரைக் கிள்ளுவதுபோல் எடுத்துப் போட்டாள்.
மறுக்கப்பட்டது.
சர்வரை அணைத்து எழுப்பினாள்.
மறுக்கப்பட்டது.
துறையிலிருந்து டெல்ஃபினோ கூப்பிட்டான்:
நோட்டில் எழுதிக்கொள்ளட்டுமா?
ஆட்டு லாரிக்காரன் கத்துகிறான்.
எழுதாதே, என்றாள்.
பிறகு, எதற்கும் எழுதி வை, என்றாள்.

பதினேழாம் வரியில் இருந்தது:
லோக்கல்ஹோஸ்ட்.
அதாவது, இங்கேயே. இந்த வீட்டிலேயே.

போன செவ்வாய்க்கிழமை
தரவுத்தளத்தை வேறு இயந்திரத்துக்குக் குடிமாற்றியது
வேறு யாருமில்லை, அவளேதான்.
கேக்கூட வெட்டினார்கள்.
ஸ்கிரிப்ட்டிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.
அது காலி வீட்டின் கதவை
இரவெல்லாம் தட்டியிருக்கிறது,
நொடிக்கு நாற்பது முறை,
ஒவ்வொரு முறையும் அதே மரியாதையோடு
பெயர் சொல்லி.

புதிய முகவரியை எழுதினாள்.
திறந்தது.
கோட்டை மாட்டிக்கொண்டே
பெயர்கள் வந்திறங்குவதைப் பார்த்தாள்:
பாரியா, ஓயார்சோ, மான்சிய்யா,
பிறகு மு?ஓஸ்,
பிறகு நூ?எஸ்,
பிறகு பெ?ா.

தலையில் அலை வரைந்த அந்த ஓர் எழுத்து
புது வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை.

ஒரு கை கோட்டுக்குள் இருந்தது.
அதை வெளியே எடுத்தாள்.